நாலு ஃபேன், ஒரு டைமர்

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. இருந்த அரை வாளியில் ஒப்பேற்றிவிட்டு வேலைக்கு.

இது 'பருவநிலை வாரம்'. வெள்ளிக்கிழமை ஜெர்மனியிலிருந்து கஸ்டமர் வருகிறார்கள். அதற்குள் எங்கள் ஓசூர் கியர் கம்பெனிக்கு பூமி மேல் பாசம் வந்தாக வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட். ஏ.சி. ஹாலில் ஒரு மணி நேரம். பனிக்கரடிப் படம், உருகும் பனிமலைப் படம். ஹாலில் இருந்த குளிருக்கு அந்தக் கரடி அங்கேயே குடியிருக்கலாம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பூமி சூடாவதைக் கேட்டேன்.

பிறகு ஆளாளுக்கு உறுதிமொழி. ஹெச்.ஆர். சார் இனி சைக்கிளில் வருவாராம். அவர் வீடு பெங்களூர். கைதட்டல். ஸ்டோர்ஸ்காரர் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்க மாட்டாராம். அதற்கும் கைதட்டல்.

மாதேஷ் எழுந்தான். ஹீட் ட்ரீட்மெண்டில் (ஹீ.ட்.) உலைக்கு கியர் ஏற்றுகிறவன். கான்ட்ராக்ட் ஆள், தேன்கனிக்கோட்டைப் பக்கம்.

"சார், எங்கூர்ல மழை எப்ப வருதுன்னே தெரிய மாட்டேங்குது. போன வருசம் ராகி வெதச்சோம், காஞ்சுபோச்சு. மறுக்கா வெதச்சதை ஆனை தின்னுட்டுப் போச்சு. இந்த வருசம் வெதக்கறதா வேணாமா, சொல்லுங்க."

"நல்ல கேள்வி. தனியாப் பேசுவோம்," என்றார் கன்சல்டன்ட். கூட்டம் முடிந்ததும் தனியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். இன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

கடைசி ஸ்லைடில் என் போட்டோ. 'பருவநிலைக்கு நம் பங்களிப்பு: ஃபேன் டைமர். எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ்.' டிசம்பரில் நான் எழுதிய கைசன். மாதம் இரண்டு முன்னேற்ற யோசனை எழுதித் தராவிட்டால் போர்டில் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டு வைப்பார்கள். எனக்கோ யோசனை தீர்ந்துபோயிருந்தது. காலை ஷிப்ட், பனி, ஸ்வெட்டரோடு நின்றேன். ஹீ.ட்.-இல் ஆள் உயர ஃபேன் நாலு சுற்றிக்கொண்டிருந்தன. டைமர் மாட்டினேன். இருபது நிமிஷம் ஓடும், இருபது நிமிஷம் நிற்கும். முதல் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். தினமும் அதில்தான் சோறு கொண்டுபோகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹீ.ட்.-க்குப் போனேன். ஃபேன் நின்றிருந்த நேரம். உலைக் கதவு திறக்கும்போது கண் இமை சுடுகிறது. தகரக் கூரை மேலிருந்து வேறு. எல்லோர் தலையிலும் ஈரத் துண்டு.

மாதேஷ் கேட்டான், "ஃபேன் ரிப்பேருங்களா மேடம்?"

"ரிப்பேர் இல்ல. டைமர்."

"யாருங்க மேடம் வச்சது? அவங்களை ஒரு ஷிப்ட் இங்க நிக்கச் சொல்லுங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்லைடில் போட்டோ வந்தபோது இவன் பின்வரிசையில் தூங்கிவிட்டிருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் ஊருக்குள் ஆனை வராமல் காவல் இருந்துவிட்டு வருகிறவன்.

நேராக புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போனேன். டைமரைக் கழட்டிவிடலாம் என்றேன்.

"ஓசூருக்கு எதுக்கும்மா ஃபேனு? நான் வந்த புதுசுல மே மாசத்துல ஸ்வெட்டர் போட்டோம்." இதைச் சொல்லிக்கொண்டே ஏ.சி.யை இன்னும் இரண்டு குறைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடாதீங்க. ஸ்லைடுல இருக்கு."

அவர் ஸ்வெட்டர் போட்ட ஓசூரில் அவரைத் தவிர வேறு யாரும் இப்போது குடியில்லை.

வீட்டில் இவர் சேலத்துத் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இங்க ஃபேனே வேணாம்மா, ஊட்டி மாதிரி." ஃபேனுக்கு நேர் கீழே, ஈர பனியனோடு உட்கார்ந்து. இந்த ஊருக்கே இந்த வியாதி.

மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டுமா, நான் இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவை:
- கம்ப்ரசர் லைன் ஓட்டைகள். ராப்பகலாகக் காற்று ஒழுகுகிறது.
- ஹீ.ட். கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட்.
- கோடையில் ஷிப்ட்டை விடியற்காலைக்கு மாற்றுவது.
- ஆள் இல்லாத கான்பரன்ஸ் ஹாலில் ஓடும் ஏ.சி.

ஒன்றுகூட ஸ்லைடில் வரவில்லை. கஷ்டப்படுகிறவனிடமிருந்து பிடுங்கியது மட்டும் வந்தது. பிடுங்கிக் கொடுத்தவள் நான்.

ஏப்ரல் 9, புதன்

மரக்கன்று நட குழி வெட்டினார்கள். வெட்டவே வேண்டாம், போன வருஷத்துக் குழி அப்படியே இருந்தது. பெயர்ப்பலகையும் இருந்தது. கன்றுதான் இல்லை. பலகைக்குப் புதுப் பெயிண்ட்.

மதியம் இரண்டரை. ஹீ.ட். பேனல் ஃபியூஸ் பார்க்கப் போயிருந்தேன். ஃபேன் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மாதேஷ் ட்ரேயைத் தள்ளிக்கொண்டு வந்தவன் பாதியில் நின்றான். ட்ரேயையே பார்த்தான், அது என்னவென்று தெரியாதவன்போல. பிறகு விழுந்தான். பழுத்த கியரை முக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு இரண்டடி தூரம்.

தொட்டேன். அனலாக இருந்தது உடம்பு. பொட்டு வியர்வை இல்லை. "நீரு, நீரு" என்று கன்னடத்தில் தண்ணீர் கேட்டான். என்னை "அம்மா" என்றான். நிழலுக்கு இழுத்துப்போய், குடிதண்ணீர் கேனைத் தூக்கி அப்படியே அவன் மேல் கொட்டினேன். ஃபர்ஸ்ட் எய்ட்காரன் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பித்தது. இருபது நிமிஷம் முடிந்திருந்தது.

ஆம்புலன்ஸில் அனுப்பினோம்.

நாலு மணிக்கு சேஃப்டி ஆபீசர் ரிப்போர்ட்டோடு வந்தார். 'காரணம்: ஊழியர் காலை உணவு உண்ணாமல் வந்தது.'

"மேடம், நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. சாட்சின்னு ஒரு கையெழுத்து."

"சாப்பிடலைன்னு யார் சொன்னாங்க?"

"எப்பவும் அப்படித்தானே மேடம் எழுதுவோம். வெள்ளிக்கிழமை வர்றாங்க, தெரியுமில்ல."

படிக்காமல் போட்டேன் என்று சொல்ல ஆசை. படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரசம் சாதம், ஹாட் பாக்ஸில். வேறு டப்பா கைக்கு வரவில்லை.

மாதேஷ் டிரிப்ஸோடு தூங்கிக்கொண்டிருந்தான். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாராம் டாக்டர். பக்கத்தில் அவன் மனைவி லட்சுமி. டப்பாவை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்குங்கக்கா, சூடு அப்படியே நிக்குது. எங்க வாங்குனீங்க?" என்றாள்.

"கம்பெனில குடுத்தாங்க."

கான்ட்ராக்டர் காலையில் வந்துபோனாராம். சாப்பிடாமல் வந்து விழுந்தது ஆள் தப்பு, இனி கம்பெனிக்குள் அனுப்ப முடியாது என்றாராம்.

"அஞ்சு மணிக்கு நானே களி கிண்டிப் போட்டேங்கக்கா. ரெண்டு உருண்டை தின்னுட்டுத்தான் பஸ் ஏறுனாரு. ராகி போச்சு, இந்த வேலையை நம்பித்தான் இருக்கோம். நான் சோறே போடாம அனுப்புன மாதிரி எழுதியிருக்காங்களாம். யாருங்கக்கா எழுதுனது?"

"விசாரிக்கறேன்" என்றேன். இவ்வளவு கேவலமாக என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்தக் கன்சல்டன்டின் "தனியாப் பேசுவோம்" எவ்வளவோ மேல்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே போனேன். பேனலைத் திறந்து டைமரைக் கழட்டினேன். மூன்று ஸ்க்ரூ. மாட்டியபோது அரை நாள் போட்டோ எடுத்தார்கள். கழட்ட ஐந்து நிமிஷம்.

பிறகு ஒரு வெள்ளைத்தாள். 'மாதேஷ் காலை உணவு உண்டு வந்தார் என அவர் மனைவி கூறினார். நான் முன்பு போட்ட கையெழுத்து தவறு. அவர் விழுந்தபோது ஃபேன்கள் நின்றிருந்தன. நிற்கும்படி டைமர் வைத்தது நான்.' கையெழுத்து, தேதி. ஹெச்.ஆர். மேஜையில் வைத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றுக்கு ஜெர்மன்காரர்கள். மரக்கன்று நட்டார்கள். மண்வெட்டிக்கு ரிப்பன். ஹீ.ட்.-க்குள் வந்தபோது நாலு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் வயதான அம்மா ஒருவர் ஃபேன் முன்னால் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஏற்பாடு என்று ஏதோ சொன்னார்.

மேனேஜர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மறு நொடி வாயெல்லாம் பல்: "தொழிலாளர் நலத்துக்கு நாங்கள் எடுத்த புது முயற்சி."

பச்சோந்திக்குக்கூட நிறம் மாற இதைவிட நேரம் பிடிக்கும்.

ஏப்ரல் 12, சனி

மேகம் கூடியது. பெய்யவில்லை.

ஹெச்.ஆர். கூப்பிட்டார். (காரில்தான் வந்திருந்தார்.) மேஜையில் புது ஹாட் பாக்ஸ், மூன்று அடுக்கு. பக்கத்தில் என் வெள்ளைத்தாள்.

"கஸ்டமருக்கு ரொம்ப சந்தோசம் மேடம். ஃபேன் ஐடியாவுக்கு இந்த மாசமும் உங்களுக்குத்தான் முதல் பரிசு. இந்தத் தாளை மட்டும் நீங்க வாபஸ் வாங்கிக்கங்க. அந்த ஆள் கான்ட்ராக்ட்தானே, வேற எங்கயாவது போயிக்குவான்."

"மாதேஷுக்கு வேலை?"

"அதைத் தனியாப் பேசுவோம்."

எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள்.

பையிலிருந்து என் பழைய டப்பாவை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் லட்சுமி கழுவித் துடைத்துத் தந்தது. புதுசுக்குப் பக்கத்தில் வைத்தேன். "ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க சார். தாள் அங்கயே இருக்கட்டும்" என்றேன். அவர் சிரிப்பு போகவில்லை, ஆனால் அதற்கப்புறம் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

மதியம் கேன்டீன் பொட்டலம். தயிர் சாதம், புளிப்பு.

மூன்று மணிக்குப் போகும்போது நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். திங்கள்கிழமை ஷிப்ட் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மாதேஷ் பெயர் இல்லை. கீழே எலக்ட்ரிக்கல். என் பெயரும் இல்லை. உள்ளே நாலு ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன.