விதைக்குள் இருந்த மாலிப்டினம்

ஔந்த், புனே
ஆகஸ்ட் 9

அன்புள்ள சுஷ்மாவுக்கு,

நாஸியா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்தாயே, அதற்கே நன்றி. நான்கு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். மகள் ஹுதா மூன்றாம் வகுப்பு போகிறாள்; அவள் தமிழில் பாதி மராத்தி. நீ திருச்சியில் டியூஷன் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் பீன்ஸ் செடிகள் ஏன் வெளுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

மாலிப்டினம் சத்து துளியும் இல்லாவிட்டால் செடியால் நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாது, இலை வெளுக்கும் என்று எதிர்பார்த்தோம். உன் தொட்டிகளோ பச்சைப்பசேலென்று நின்றன. நீ பாத்திரங்களைச் சரியாகக் கழுவவில்லை, அவற்றில் ஒட்டியிருந்த மாலிப்டினம் கலந்துவிட்டது என்று விஸ்வேஸ்வரன் சார் முடிவு கட்டி உன்னை ஆய்விலிருந்து நீக்கினார்.

போன வருடம் அதே சோதனை என்னிடம் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தையும் நானே அமிலத்தில் மூன்று முறை கழுவினேன். எனக்கும் பச்சைதான். பிறகுதான் விதையையே சோதிக்கக் கொடுத்தேன். ஒரு செடியின் ஆயுளுக்குப் போதுமான மாலிப்டினம் ஒவ்வொரு விதைக்குள்ளும் இருந்தது. அந்தச் செடிகள் காய்த்த விதையில் அந்தச் சேமிப்பு இருக்காது என்று அதை மறுபடி விதைத்தேன். இந்தத் தடவை இலை வெளுத்தது. நைட்ரேட் அப்படியே இலையில் தேங்கிக் கிடந்தது.

சாரிடம் சொன்னேன். “பழசைக் கிளறாதேம்மா. ரிசல்ட் நல்லா வந்திருக்கு, பேப்பரை அனுப்பு” என்றார். முதல் சோதனை சுஷ்மாவுடையது, அவள் பெயர் இல்லாமல் அனுப்பமாட்டேன் என்று இயக்குநருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னை நீக்கியது தவறு என்றும் அதில் எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. சார் இப்போது என்னோடு பேசுவதில்லை. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, பார்க்கலாம்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். உன்னை நீக்குவதற்கு முன்பு சார் என்னைத் தனியே கூப்பிட்டு, “பக்கத்து டேபிள் நீதானே, சுஷ்மா ஒழுங்கா கழுவுவாளா?” என்று கேட்டார். நீ விரல் தோல் உரியக் கழுவியதைத் தினமும் பார்த்தவள் நான். “கவனிக்கலை சார்” என்றேன். நம் இருவரில் ஒருத்திக்குத்தான் உதவித்தொகை நீடிக்கும் என்று அப்போது பேச்சு இருந்தது. நீ யூகித்திருப்பாய். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உனக்கும் அம்மாவுக்கும் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும்.

கட்டுரையில் உன் பெயரைச் சேர்ப்பதற்கான சம்மதப் படிவமும் உள்ளே இருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பு. என்னைத் திட்டி நாலு வரி எழுதினாலும் சரி. படிவத்தை மட்டும் தனியாக அனுப்பிவிடாதே, சுஷ்மா.

நாஸியா