மேலே நாலு விரல் மண்

இன்று காலை ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒருவர் ரோஜாச் செடிக்கென்று தள்ளுவண்டியில் மண் விற்றுக்கொண்டிருந்தார். சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தேன். கறுப்பாக, பொலபொலவென்று, பாதி மக்கிய புங்க இலையோடு இருந்தது. முகர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் சட்டையில் அடிக்கும் அதே வாசனை. எங்கே எடுத்தது என்று கேட்டேன். "பங்காருபேட்டை பக்கம் சார். உங்க ஊரு மண்ணு இல்ல, பயப்படாதீங்க" என்றார். இந்த ஊருக்கு அந்தப் பயத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான் என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நம் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே சைனைட் மேடு. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கிய வெள்ளைத் தூள். காற்றடி காலத்தில் அது சோற்றில் விழும், துவைத்த துணியில் விழும். மைன் மூடியபின் நீ பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குத் தினமும் ரயிலேறினாய். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளையும் மேட்டடியில் புங்கனும் வேம்பும் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தே தீர்த்தாய். "இவருக்கு இன்னா ஆச்சின்னு கொஞ்சம் கேளுங்கண்ணா" என்று உன் மனைவி என்னிடம் முறையிட்டாள். நான் கேட்டதற்கு நீ சிரித்தாய், அவ்வளவுதான்.

வருடங்கள் போயின. மரங்கள் ஒன்றோடொன்று கிளை கோத்து ஒரு சின்னக் காடே ஆகிவிட்டது. ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், சருகை விலக்கிக் காட்டினாய். "டேய், மண்ணு கறுத்துப் போச்சி பாத்தியா?" பிள்ளை பிறந்தவன் மாதிரி நின்றாய். வெள்ளைத் தூளையும் கல்லையும் தவிர எதையும் பார்க்காத லைனில் கறுப்பு மண் என்றால் சும்மாவா? அந்தப் பொங்கலிலிருந்து வீட்டுக்கு ஒரு பக்கெட் மண் கொடுப்பது உன் வழக்கமானது. எல்லாரும் அதில் புதினாவும் முளைக்கீரையும் போட்டார்கள். உன் வீட்டுக் கீரையை நானும் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போது கோலாரில் மண் பரிசோதிக்கிற கூடத்தில் உதவியாளன் நான். எனக்கு ஏனோ சந்தேகம். உன்னிடம் சொல்லாமலே உன் காட்டில் இரண்டு பொட்டலம் எடுத்தேன்: மேலே நாலு விரல் ஆழத்து இலைமக்கு ஒன்று, முழங்கை ஆழத்து மண் ஒன்று. ஈயமும் பாதரசமும் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லாததால், பெங்களூர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகும் பொட்டலங்களோடு சேர்த்து அனுப்பினேன். மேல் மண்ணில் இரண்டுமே தாராளமாக இருப்பதாகத் தாள் வந்தது. கீழ் மண்ணில் கொஞ்சம்தான்.

நான் செய்த முதல் தப்பு, உன்னிடம் சொல்வதற்கு முன்னால் தண்ணீர்க் குழாயடியில் சொன்னது. நீ சாயங்கால ரயிலில் இறங்கி வருவதற்குள் உன் பொங்கல் பக்கெட்டுகள் எல்லாம் உன் வாசலில் திரும்பி வந்து நின்றன. நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"இன்னாடா சொல்லிக்கினு கீற? என் மரம் வெசமா?"

"மரம் இல்ல, மண்ணு. அத வெச்சி பயிர் பண்ணக் கூடாது."

"மொதல்ல என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? படிச்ச திமிரு உனக்கு."

திமிர் என்றாயே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தாளுக்கு இன்னொரு பாதி இருந்தது. அதைப் போனில் பெங்களூர் ஆராய்ச்சியாளர் பொறுமையாக விளக்கியிருந்தார்: பறந்து வரும் தூளை இலைகள் வாங்கிக்கொள்கின்றன, இலை உதிர்ந்து மக்கியதும் அந்த மக்கு ஈயத்தையும் பாதரசத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் மேலே சேர்ந்திருக்கிறது, கீழே அவ்வளவாக இறங்கவில்லை, அந்த மண்ணைக் கிளறாமல், சருகைக் கொளுத்தாமல் இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். மரம் இல்லாவிட்டால் அத்தனையும் நம் வீட்டுக்குள்ளும் கிணற்றுப் பக்கமும்தான் வந்திருக்கும். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். நீ திட்டியதால் சொல்லவில்லை. வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீ கேட்கவில்லை. பக்கெட் பக்கெட்டாக மண்ணை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தாய். அதன்பின் மேட்டடிக்குப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாய். நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். இரண்டு பொங்கல் இப்படியே போயிற்று. மூன்றாவது வருவதற்குள் மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். என்னோடு பேச இந்த லைனில் வேறு யார் இருக்கிறார்கள்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சில நாள் என் குரலை நானே கேட்பதில்லை.

போன மாதம் விஷ மரங்களை வெட்டி, மண்ணையும் வாரிக் கொட்டிவிடலாம் என்று லைன்காரர்கள் கிளம்பினார்கள். தெருவில் நின்று அந்த மறுபாதியை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். மண்ணை எடுக்காதீர்கள், கொளுத்தாதீர்கள், மரம் இருக்கட்டும், அவன் வைத்த காடுதான் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றேன். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள்.

உன் மனைவி மட்டும் போகவில்லை.

"இது அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. அப்பவே சொல்லிட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சந்தோசமாத்தான் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அவளிடம் இனி உண்மையைச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லியிருக்கலாம்.