போர்டுல அழிக்காத கதை

அம்மாவுக்கு ஆர்த்தியோட வணக்கம். நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி இப்ப கம்மியா?

செவ்வாய்க்கிழமை என் ரெண்டாம் வகுப்புப் பசங்க ஆளுக்கு ஒரு வரி சொல்ல, நான் போர்டுல கதையா எழுதினேன். ஒரு அம்மா பௌர்ணமிக்குக் கிரிவலம் போறாங்க. ஒருத்தன் தன் வரியில அவங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தான். இன்னொருத்தி அவங்க வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிடுச்சுன்னா. ஒரே சிரிப்பு. கடைசி வரி மதிவதனிக்கு. "அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு"ன்னு நான்தான் சொன்னேன்.

மூணு மாசம் முன்னாடி கிரிவலத்துக்குக் கிளம்பின அவ அம்மா இன்னும் வீடு திரும்பல. தெரிஞ்சும் மறந்துட்டேன்.

"இன்னும் நடந்துட்டு இருக்காங்க மிஸ்"னா. அதையே எழுதினேன். இன்னிக்கு வெள்ளி. அழிக்க மனசு வரல, கணக்கை ஓரமாப் போடுறேன்.

உன் வேண்டுதலுக்குக் கிரிவலம் சுத்த இந்தப் பௌர்ணமிக்கு இங்க வர்றப்ப பருப்புப்பொடியும் என் பழைய போர்வையும் எடுத்துட்டு வா. பஸ் ஏறினதும் போன் பண்ணு. தனியா நடக்காத, நானும் வரேன்.

நீ வர்றது தெரிஞ்சு மதிவதனியும் நம்மகூட நடக்க வரேங்கிறா. எதுக்குன்னு நான் கேக்கல. அவளுக்கு என்னம்மா பதில் சொல்லட்டும்?

மணி அடிச்சிடுச்சு.

ஆர்த்தி