தஹ்ஸீனின் பெருநாள் காசு

ஃப்ரீமான்ட், மார்ச் 2006

மச்சானுக்கு, ஸலாம்.

நம் வரிக் கணக்கைப் பார்க்கும் சிராஜ் அங்கிள் நேற்று வந்திருந்தார். "காலேஜ் ஃபண்ட்ல மொத்தமா எடுத்திருக்கீங்களே, ஃபீஸ் ரசீது எங்கம்மா?" என்றார். நம் மகள் தஹ்ஸீன் இன்னும் ஹைஸ்கூல்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"படிப்புக்கு எடுத்தா வரி இல்லைம்மா. வேற எதுக்காவது எடுத்தா, வளர்ந்த பணத்துக்கு வரி, மேல பத்து பர்சென்ட் பெனால்டி."

தஹ்ஸீன் பெருநாள் காசையெல்லாம் உங்கள் கையில்தான் கொடுத்தாள். "உன் காலேஜ் ஃபண்ட்ல, உன் பேர்லதான் போடுறேன்" என்பீர்கள். அவள் பெயர் இருந்ததாம். எடுக்கும் உரிமை உங்களுக்கு மட்டும்தானாம்.

எதற்கு எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. சென்னையில் உங்கள் தம்பி வீட்டு மாடி முடிந்துவிட்டதா? நீங்கள் அங்கிருந்து அனுப்பிய ஃபோட்டோவைப் பார்த்து, "சாச்சா ஹவுஸ் இஸ் ஸோ நைஸ், மா" என்றாள் தஹ்ஸீன். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நாம் சேர்ந்து போடும் வரி ரிட்டர்னில் இத்தனை வருடமும் நீங்கள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த வருடம் நான் தனியாக ஃபைல் பண்ணுகிறேன்.

"தனியா பண்ணா வரி கூடும்மா" என்றார் சிராஜ் அங்கிள்.

"கூடட்டும் அங்கிள்" என்றேன்.

இப்படிக்கு,
தஹ்ஸீனின் அம்மா