ஃப்ரீசரில் வைத்த வண்டு

நவம்பர் 18, செவ்வாய்

எங்கள் மொன்றியல் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜப்பானியப் பேராசிரியர் பிரெஞ்சு இலக்கியம் படிப்பிப்பவர். பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். பிடித்த வண்டுகளை நோகாமல் சாகடிக்க, கண்ணாடிப் போத்தலில் போட்டு எங்கள் ஃப்ரீசரில் வைப்பார். பிறகு ஊசி குத்திப் பெட்டியில் அடுக்குவார்.

இன்று மீன் எடுக்கும்போது அவருடைய போத்தலையும் வெளியே வைத்து மறந்துவிட்டேன். கறி இறக்கிவிட்டுப் பார்த்தால், செத்த வண்டு உள்ளே நடக்கிறது! கத்தினேன். பேராசிரியர் ஓடிவந்தார்.

"மொன்றியல் விண்டரைத் தாங்கிற வண்டுக்கு உந்த ஃப்ரீசர் என்ன பெரிசோ?" என்று என் கணவர் சிரித்தார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லித் தொலைத்தேன்.

பேராசிரியரின் முகம் வெளிறிவிட்டது. "அப்படியென்றால், நான் ஊசி குத்தியபோது..." என்றவர் முடிக்காமலே படியேறினார்.

மேலே பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது.