மாடிப்படியில் வைத்த வெறுங்குடங்கள்

என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களை ‘அருமை’ என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால், “என்னடி, மாவு வேணுமா, மண்ணெண்ணெய் வேணுமா?” என்று கேட்டிருப்பீர்கள். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் சைக்கிள் கடையை மறுபடி திறந்துவிட்டார். யாராவது உங்கள் பேரை எடுத்தால், ஓட்டை தெரிந்த பிறகும் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருக்கிறார். உங்கள் அம்மா ஜெயங்கொண்டம் பஸ்ஸில் முந்திரிக்கொட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே அழுதுவிட்டுப் போனார். எனக்குத் தையல் மிஷினில் ஊசி அடிக்கடி உடைகிறது. கோபத்தில் மிதிக்கிறேன் என்கிறார் அண்ணன். கோபம்தான், இல்லை என்று யார் சொன்னது?

உங்கள் சாவுக்குப் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து மாலை வந்தது அண்ணி. ஆலோசனைக் குழு உறுப்பினருக்கு மரியாதையாம். மாலைக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவர்களுக்குக் குழாய்க்கு ஆள் அனுப்பத் தெரியவில்லையே என்று அங்கேயே கேட்டேன். “சாவு வூட்டுல என்ன பேச்சு” என்று என் வாயைப் பொத்தினார்கள். சாவு வீட்டில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

உங்களை அந்தக் குழுவில் போட்ட கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊருக்குத் தேர்தல் நடந்து பல வருஷம். தலைவர் கிடையாது, ஆபீசர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு யோசனை சொல்ல என்று ரைஸ்மில் முதலாளியும் அவருக்கு வேண்டிய நாலைந்து பெரிய மனிதர்களும். அதில் பேருக்கு ஒரு பொம்பளை வேண்டும் என்று, சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டி வாய் திறக்கமாட்டாள் என நம்பி உங்களைப் பிடித்துப் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்களே: “மாடியில உக்காந்து முடிவு பண்ணிட்டு, அப்புறமா யோசனை கேக்குறாங்கடி. காப்பி குடுத்தாங்க, கையெழுத்து கேட்டாங்க. நான் காப்பிய மட்டும் குடிச்சிட்டு வந்துட்டேன்.”

கூட்டம் பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் கீழத்தெருப் பெண்கள் எல்லோரும் குன்னம் பக்கம் பருத்திக்காட்டில் குனிந்திருப்பார்கள். நோட்டீஸ் ஒட்டுவதும் மாடியிலேதான். யார் பார்க்க? அப்போதிருந்த ஆபீசர் கொஞ்சம் நல்ல மாதிரி. அவரை நீங்கள் விடாமல் நச்சரித்து, கூட்டத்தைச் சாயங்காலம் தண்ணீர் வரும் நேரத்துக்கு, குழாயடி வேப்பமரத்தின் கீழே இறக்கினீர்கள். பெரிய மனிதர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டிருக்க, ஆபீஸ் வாசலே மிதித்திராத கீழத்தெரு அஞ்சலை குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்: “சார், எங்க குழா சாக்கடைக்குள்ளாற ஓடுது. நீங்க ஒருவா அதுல குடிச்சிப் பாருங்களேன்.”

அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. ஆனால் நேரில் போய்ப் பார்த்தார், மாற்றித் தருவதாகச் சொன்னார். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவருக்கு மரத்தடி பிடிக்கவில்லை. தூசியாம், சத்தமாம், ஆபீஸ் என்றால் ஒரு முறை வேண்டுமாம். கூட்டம் மறுபடியும் மாடி ஏறிவிட்டது. நீங்கள் அப்போது கண் மஞ்சளாகிப் படுத்திருந்தீர்கள். சாக்கடையில் ஓடும் அந்தக் குழாய்தான் நம் தெருவுக்கும் வருகிறது. அந்தத் தண்ணீரால்தான் காமாலை என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் புது ஆபீசர் நம் வீட்டுக்கே வந்தார்.

“உங்க அண்ணி எடம் காலியா இருக்குதும்மா. அவங்க வூட்டுலேருந்தே ஒருத்தர் வந்தா நல்லாருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க” என்றார்.

“கூட்டம் எங்க சார் நடக்கும்?”

“ஆபீஸ்ல, மாடியிலதான்.”

“அப்ப அஞ்சலை எங்க நிப்பா?”

அவர் சிரித்தார். “அவங்க சொல்ல வேண்டியத நீங்க வந்து சொல்லுங்க. அதுக்குத்தான மெம்பர்?”

“அவளுக்கு வாய் இருக்குது சார். காது இருக்குற எடத்துக்குத்தான் வழி இல்ல” என்றேன். அண்ணன் பின்னாலிருந்து, “ஒத்துக்கயேன் மல்லிகா, உன் அண்ணி பேரு நிக்குமில்ல” என்றார். உங்கள் பேர் நிற்க ஒரு நாற்காலிதானா வேண்டும்? எனக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் செய்தது சரிதானா அண்ணி? அன்று முழுக்க யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் என்ன பேசப் போகிறார்கள் என்று பியூன் தங்கராசு மூலம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு முகப்பில் வரவேற்பு வளைவு கட்டப் போகிறார்களாம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு வா வா என்று கூப்பிட வளைவு! அதைக் கேட்டதும்தான் எனக்குக் குடம் ஞாபகம் வந்தது.

நம் குழாயடி வழக்கம் ஊருக்கே தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை நகர்த்துகிறவளுக்கு அன்றைக்குத் தலைமுடி மிஞ்சாது. மேலத்தெருக் குடம், கீழத்தெருக் குடம் என்று பிரிக்காமல் எல்லாம் ஒரே வரிசை என்று சண்டை போட்டு வாங்கியது நீங்கள். அதனால் உங்கள் பேரைச் சொல்லித்தான் தெருத் தெருவாகக் கேட்டேன்.

கூட்டத்தன்று காலையில், காட்டு வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொருத்தியும் ஆபீஸ் மாடிப்படியில் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். பித்தளை, எவர்சில்வர், புதிதாக வந்திருக்கும் பிளாஸ்டிக், ஒன்றில் விளிம்பே இல்லை. மேல்படியில் முதலாவதாக உங்கள் குடம். கிணற்றில் விழுந்து நசுங்கினதே, அதேதான். நான் கீழே ஒரு ஓரமாக உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் வந்தார். “என்ன இது? ஆளயே காணோம், வெறுங்கொடமா இருக்குது. தங்கராசு, எல்லாத்தையும் எடுத்து ஓரமா வை.”

தங்கராசு கையைக் கட்டிக்கொண்டார். “எத வேணாலும் எடுக்கச் சொல்லுங்க சார். வரிசைக் கொடத்த மட்டும் சொல்லாதீங்க. எம் பொண்டாட்டி கொடமும் இதுல இருக்குது.”

ரைஸ்மில் முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். அவர்தான் சகுனம் பார்க்காமல் மில்லையே திறக்காதவர் ஆயிற்றே! ஒரு வெறுங்குடம் எதிரே வந்தாலே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இங்கே படி முழுக்க வெறுங்குடம். காலை எடுத்துக் கீழேயே வைத்துக்கொண்டார். அவர் நின்றதும் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

“இவங்கல்லாம் எப்ப வருவாங்க?” என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

“சாயங்காலம் சார். குன்னம் பஸ்ஸு வந்ததும் வந்துடுவாங்க. அதுவரைக்கும் வரிசை நகராது.”

“போலீசக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க சார். அவங்க வூட்டுலயும் தண்ணி புடிக்கிறவங்க இருப்பாங்க.”

கூப்பிடவில்லை. சாயங்காலம் அந்தப் படியடியிலேயே நாற்காலி போட்டார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து அவரவர் குடத்தருகே நின்றார்கள். ஆபீசர் தோற்றுப்போன குரலில், “சரி, மொதல் கொடம் யாருது? அவங்க சொல்லுங்க” என்றார்.

எல்லோரும் மேல்படியைப் பார்த்தார்கள். அஞ்சலைதான் சொன்னாள்: “சரோஜாக்கா கொடம்.”

குடத்துக்காரி வர முடியாவிட்டால் அவள் வீட்டு ஆள் பிடிக்கலாம் என்பதும் நம் வழக்கம்தானே? நான் படியேறி உங்கள் குடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். என்னென்னவோ பேச வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “எங்க அண்ணி கேட்ட குழா என்ன ஆச்சு சார்?” என்று அது ஒன்றுதான் கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியும் அதையே கேட்டாள். வளைவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

உடனே ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாக்கடைக்கு இந்தப் பக்கம் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், குழாய் இன்னும் வந்து இறங்கவில்லை. அடுத்த கூட்டம் மாடியில் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, அதுவும் பதினொரு மணிக்கே. ஒட்டிவிட்டு வந்த தங்கராசு என்னைப் பார்த்து, “எம் பொண்டாட்டி கொடத்த வெளக்கி வச்சிட்டா” என்றார்.

நானும் உங்கள் குடத்தைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு அதில் நான் தண்ணீர் பிடிக்கவே இல்லை, இனியும் அந்தச் சாக்கடைத் தண்ணீரைப் பிடிக்கமாட்டேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது மேல்படியில் முதல் ஆளாக, வெறுங்குடமாகவே நிற்கும். சகுனம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். புதுக் குழாயில் தண்ணீர் வரும் அன்று முதலில் நிறைவது உங்கள் குடம்தான். இது சத்தியம், அண்ணி.

வரிசையில் உங்கள் இடத்தைக் காத்து நிற்கும்
உங்கள் வாயாடி நாத்தனார்,
மல்லிகா