மேலாற்றைப் பார்த்த தலைகள்

தம்பிக்கு,

மேல் குடிசையில் குளிர் ஆரம்பித்திருக்கும். இருந்தாலும் இன்றிரவு அடுப்பு மூட்டாதே. புகை ஆற்றிலிருந்தே தெரியும்.

இன்று எங்கள் மீன்வளக் காவல் படகு வளைவைத் தாண்டியதும் கரையில் நாற்பது சால்மன் கிடந்தன. எல்லாம் முட்டையிட ஏறிவந்த பெட்டைகள். வயிற்றைக் கிழித்துச் சினையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீனை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்.

"கரடி வேலை" என்றேன்.

கூட வந்த கென்னாதி சிரித்தான். "கம்சாத்காக் கரடியெல்லாம் எப்பக்கா கத்தி வாங்குச்சு?"

பிறகு அவன் சிரிக்கவில்லை. "விட்டுட்டுப் போறவன் எதுக்கு அடுக்கி வெச்சான்? தலையெல்லாம் மேலாத்தையே பார்க்குது பாருங்க."

நான் முன்பே பார்த்துவிட்டேன். தலையை அப்படி வைத்தால்தான் அடுத்த வருஷம் மீன் திரும்பி வரும் என்று அம்மா நம் இருவர் கையையும் பிடித்து வைக்கப் பழக்கினாள். ஊரில் வேறெந்த வீட்டிலும் அந்தப் பழக்கம் இல்லை. கென்னாதிக்கு அது தெரியாது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அது நம் வீட்டுப் பழக்கம் என்று சொல்லிவிடுவார்கள்.

காமிரா எடுத்துவர அவன் படகுக்குப் போனான். நான் ஒவ்வொரு மீனாகத் தலையைக் கடல் பக்கம் திருப்பினேன். கடைசி மீன் கையில் இருக்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் என் கையையே பார்த்தான். படம் எடுக்கவில்லை.

"மேல் குடிசைக்கு இன்னைக்கு வேணாம். நாளைக்குப் போலாம்க்கா" என்றான்.

அம்மா பழக்கியதை என் கையாலேயே மாற்றிவிட்டேன். அந்த மீன் இனி வராது.

நீயும் வராதே.

அக்கா